கல்லா, மணலா, குடிபெயர்வா: கடலரிப்புக்கு ஊர் எதைக் கேட்க வேண்டும்?

கடலூர் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நவம்பர் 1 கிராம சபையில் கடலரிப்பு பற்றித் தீர்மானம் போட வேண்டும். ஊர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. இளைஞர்கள் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் வரிசை, கேட்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் கரையோரம் நேர்கல் சுவராகக் கருங்கல் கொட்டினால் போதும் என்கிறார்கள். சுனாமிக் குடியிருப்பில் வீடு வாங்கிய சில குடும்பங்கள், எல்லாரும் உள்ளே வந்துவிடுங்கள் என்கின்றன. "எதை எழுதுவது?" என்பது அவர் கேள்வி.

கூடவே ஒரு படம். கரையில் தனியாக நிற்கும் உறைகிணறு. ஒருகாலத்தில் யாருடைய கொல்லையிலோ தரைக்குள் இருந்தது. சுற்றியிருந்த மணலைக் கடல் வாரிக்கொண்டு போனதால், அடுக்கிய ஐந்தாறு சிமென்ட் உறைகளும் வெளியே தெரிய, பாதி அலைக்குள் நிற்கிறது. மேல் உறையின் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளம்கூடத் தெரிகிறது. இதே போன்ற கிணற்றைக் கோட்டக்குப்பத்துக்கு வடக்கே நானும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு மாலத்தீவையும் வேறு சில தீவு நாடுகளையும் துணைக்கு அழைக்கப் போகிறேன். காரணம் இருக்கிறது. நம் கரை நீளமானது. ஒரு ஊர் போட்ட கல்லின் விளைவு அடுத்த ஊரில்தான் தெரியும். அது வேறு தொகுதி, சில இடங்களில் வேறு மாநிலம். கடலூரிலிருந்து வடக்கே போனால் முதலில் தமிழ்நாடு, பிறகு புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி, அரியாங்குப்பம், நகரம், அதைத் தாண்டியதும் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம், அப்புறம் மறுபடி புதுச்சேரியின் காலாப்பட்டு, மறுபடி தமிழ்நாடு. கடலுக்கு இந்த எல்லை தெரியாது. கோப்புகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிறு தீவில் அப்படித் தள்ளிவிட இடமில்லை. கிழக்குக் கரையில் கட்டியதற்கு மேற்குக் கரையில் இருக்கும் மைத்துனன் வீட்டு வாசல் மணல் போகும். செலவு யாருடையது, நட்டம் யாருடையது என்பது ஒரே கூட்டத்தில் வெளிச்சமாகிவிடும்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம், அதாவது 2011இல் கடலூர் மாவட்டத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் அளவுதான். சுவர், மணல், குடிபெயர்வு என்று நாம் பேசும் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் மாதம். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கடல் எடுத்துக்கொள்ளும் மணலில் பெரும்பகுதி, பருவம் மாறி மாசி, பங்குனிக்குப் பிறகு திரும்பி வரும். திரும்பாத மணலும் உண்டு. உங்கள் ஊர் இழப்பது எந்த வகை? கார்த்திகையில் எழுதும் தீர்மானத்தைப் பங்குனியில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, படகு. வீடு பிழைத்து, ஃபைபர் படகை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் போனால் அது மீனவ ஊர் அல்ல.

மூன்றாவது, வடக்குப் பக்கத்து ஊர். ஆண்டில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வரும் அலை, மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. வாடை அடிக்கும் சில மாதங்களில் மட்டும் தெற்கு நோக்கி. மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் கடலோட்டத்தின் திசையைக் கிழவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். புதுச்சேரிப் பகுதியில் அது ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். நீங்கள் பிடித்து வைக்கும் ஒவ்வொரு கூடை மணலும் வடக்கே ஒருவருக்குப் போக வேண்டியது.

நான்காவது, ஐந்தாம் ஆண்டுச் செலவு. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். சரிந்த கல்லை எடுத்து அடுக்க யார் வருவார்?

ஐந்தாவது, பட்டா. இதைக் கூட்டத்தில் யாரும் முதலில் பேசுவதில்லை. கடைசியில் எல்லாம் இதில்தான் போய் முட்டும்.

## நேர்கல் சுவர்

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலத்தீவின் தலைநகரான மாலேக்குள் புகுந்தன. அதிகம் அடிவாங்கியது, கடலைத் தூர்த்து நகரை நீட்டிய பகுதி. தீவைச் சுற்றியிருந்த ஆழமில்லாத பவளத் திட்டின் மேலேயே நகரம் வளர்ந்துவிட்டதால், அலை தன் வேகத்தை இறக்கி வைக்க இடமில்லை. பிறகு ஜப்பானின் உதவியோடு, நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தீவைச் சுற்றி வந்து முடிக்க 2002 ஆகிவிட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது மாலே பெரிய அழிவிலிருந்து தப்பியதில் அந்தச் சுவருக்குப் பங்குண்டு என்று பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

சுவருக்குச் சாதகமாக இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் சாட்சியை முழுதாகக் கேளுங்கள். சுவருக்குள் இருப்பது ஒரு நாட்டின் தலைநகரம்: நாடாளுமன்றம், மருத்துவமனை, அடுக்குமாடிகள். மாலேயில் கடற்கரை என்று பெயருக்கு ஒன்றைச் செயற்கையாக அமைத்துக்கொண்டார்கள். பெரும்பணம் வெளிநாட்டு உதவி. மற்ற தீவுகளுக்கு அப்படி ஒரு சுவர் இன்றுவரை வரவில்லை. மாலேக்குக் கிடைத்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

நம் பக்கத்து மாலே, புதுச்சேரி நகரக் கடற்கரைச் சாலை. தலைமைச் செயலகம், காந்தி சிலை, பழைய கட்டடங்கள் எல்லாம் கருங்கல் வரிசைக்குப் பின்னால் நிற்கின்றன. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புகள் வந்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே குறைந்தது. தெற்கில் சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை. மணல் போன இடத்தில் கல் போட்டார்கள். கல்லின் வடக்கு முனை எங்கே முடிந்ததோ, அங்கே அரிப்பு தொடங்கியது. கல்லை நீட்டினார்கள், அரிப்பும் நீண்டது. வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி எல்லை கடந்து தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போய், மறுபடி புதுச்சேரிக்குச் சொந்தமான பிள்ளைச்சாவடியில் வீடுகளை இடித்தது. புதுச்சேரி அனுப்பிய கடன், தமிழ்நாடு வழியாகச் சுற்றிக்கொண்டு புதுச்சேரிக்கே திரும்பி வந்த கதை இது. நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல்கள் நடந்தன. கல் கேட்டு மறியல் செய்தவர்களும், வேறொருவர் கல்லால் வீடிழந்தவர்களும் ஒரே ஆட்கள்.

சுவர் எப்படி மணலைத் தின்கிறது? சாய்வான மணலில் ஏறும் அலை, ஏறும்போதே களைத்துத் திரும்பும். கல்லில் மோதும் அலை களைப்பதில்லை. திரும்பும்போது கல்லின் காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. சில ஆண்டுகளில் முன்வரிசைக் கல் சரிந்து கடலுக்குள் இறங்கும். மறுபடி லாரி. வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரியிலிருந்து கல் வரும் வழியெல்லாம் சாலை நொறுங்கும். அதுவும் செலவுதான், வேறு துறையின் கணக்கில்.

சுவர் சரியான விடையாக இருக்கும் இடங்களும் உண்டு: நகர்த்த முடியாத ஒன்று கரைக்கு மிக அருகில் இருக்கும்போது. சாலை, மருத்துவமனை, நெருக்கமான பழைய தெரு. அங்கே கடற்கரையை இழக்கச் சம்மதித்துவிட்டுச் சுவரைக் கேட்கலாம். சம்மதித்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் எழுதி வாங்குங்கள்.

## தூண்டில் வளைவு

கரையிலிருந்து கடலுக்குள் கையை நீட்டியது போலப் போகும் கல் வரிசை. நுனியை வளைத்தும் கட்டுவார்கள். அரசுக் கோப்பிலும் மீனவர் பேச்சிலும் ஒரே பெயரில் புழங்கும் அபூர்வமான சொல். இளைஞர்கள் இதைக் கேட்பதற்கு அரிப்பு மட்டும் காரணமில்லை. வளைவின் மறைவில் தண்ணீர் அடங்கியிருக்கும். படகை இறக்கவும் ஏற்றவும் எளிது. அலை புரட்டிப் போட்டு இஞ்சின் உடைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. எந்தப் பொறியாளரும் இந்த நன்மையைக் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் வேலை செய்யும் விதம் எளிது, கொடிதும்கூட. வடக்கே போகும் மணலைத் தெற்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும். வடக்குப் பக்கம் பட்டினி. அந்தப் பக்கத்தில் உங்கள் ஊரின் பாதித் தெருவே இருந்தால், ஊருக்குள்ளேயே சண்டை. அடுத்த ஊர் இருந்தால், அவர்களும் ஒரு வளைவு கேட்பார்கள். அவர்களுக்கு வடக்கே இருப்பவர்களும் கேட்பார்கள். கடைசி வளைவுக்கு வடக்கே உள்ள ஊர் மொத்தக் கடனையும் கட்டும். தமிழ்நாட்டுக் கரையில் இந்தத் தொடர் எத்தனை இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும்.

மாலத்தீவில் இதற்கு இணையானது துறைமுகம். தேர்தல் வந்தால் தீவுகள் கேட்பது படகுத்துறை. கொடுப்பதாகச் சொல்லாத வேட்பாளர் இல்லை. நியாயமான கோரிக்கைதான், படகில்லாமல் அங்கே பள்ளிக்கூடம்கூட இல்லை. ஆனால் துறைமுகத்தின் தடுப்பு, தீவைச் சுற்றிப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மணலை நிறுத்திவிடுகிறது. கோடையில் ஒரு முனைக்கும் மழையில் மறுமுனைக்கும் போய்வந்த மணல் ஒரே பக்கம் தேங்க, மறுபக்கம் தென்னைகள் வேரோடு சாய்கின்றன. அடுத்த தேர்தலில் அதே தீவு கரைத் தடுப்பு கேட்கிறது. கொடுத்தவரும் கேட்டவரும் ஒரே தீவுக்காரர்கள் என்பதால் அங்கே இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே தெரிவதில்லை.

சட்டப் பக்கமும் கவனிக்கத் தக்கது. கரை முழுமைக்குமான மேலாண்மைத் திட்டம் இல்லாமல் ஊருக்கொரு கடினக் கட்டுமானம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் வலியுறுத்தியது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் வேண்டும். தீர்மானம் போட்ட மறுவாரம் கல் வராது. வழக்குக்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வளைவு பொருந்துவது எப்போது? வடக்கே சில கிலோமீட்டருக்கு வீடுகளே இல்லாதபோது, அல்லது ஆற்று முகத்துவாரம் தூர்ந்து படகு கவிழும் இடத்தில். முகத்துவாரத் தடுப்பு உயிரைக் காக்கும். அதற்கும் வடக்குக் கரைக்கு மணல் அனுப்பும் ஏற்பாட்டோடு சேர்த்தே கேட்க வேண்டும். அந்தப் பாதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம்.

## மணலைத் திருப்பிக் கொடுப்பது

மணல் போனது நோய் என்றால் மணல்தான் மருந்து. இதை நான் ஆதரிக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. அதனாலேயே இதன் குறைகளை முதலில் சொல்கிறேன்.

மணல் நிற்காது. கொட்டியது மறுபடி நகரும். நகர வேண்டும் என்பதுதான் கணக்கே. மாலத்தீவின் சுற்றுலா விடுதிகள் பல, பவளத் திட்டுக்குள் அடங்கிய கடலான காயலின் அடியிலிருந்து மணலை இறைத்துத் தங்கள் கரையில் சில ஆண்டுகளுக்கொருமுறை போடுகின்றன. அறை வாடகைக்கு டாலர் வாங்கும் விடுதிக்கு அது கட்டும். மீனவர் தீவுக்கு? பணம் ஒதுக்க மறந்த ஆண்டில் கரை போய்விடும். மணலை எங்கிருந்து எடுக்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. மாலேக்கு அருகே 1997இல் தூர்க்கத் தொடங்கி, 2004இல் மக்கள் குடியேறிய ஹுல்ஹுமாலே தீவு, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் இரண்டு மீட்டர் உயர்த்திக் கட்டப்பட்டது. நல்ல ஊர்தான். ஆனால் அந்த மணல் பக்கத்துக் காயலின் அடியிலிருந்து வந்தது. கலங்கிய சேறு பவளத்தின் மேல் படியும். பசிபிக் நாடான துவாலு, ஃபுனாஃபுட்டியில் 780 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள புதிய நிலத்தை 2023 இறுதியில் எழுப்பி முடித்தது. சுமார் 7 ஹெக்டேர். அதற்கே உலக நிதியைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள்.

இனி நம் பக்கம். புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் எஃகாலான முக்கோணத் திட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். அலை அதன் மேல் உடைந்து வேகம் குறைய, பின்னால் மணல் தங்கும். கூடவே மணலும் போடப்பட்டது. கருங்கல்லை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த இடத்தில் காலை நனைத்தார்கள். நானும் ஒரு மாலை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நடந்தேன். பெரிய நீளமில்லை, பருவத்துக்குப் பருவம் அளவும் மாறும். ஆனால் போன மணல் வராது என்று முப்பது ஆண்டு சொல்லிவந்த வாய்களை அது அடைத்தது.

மீனவக் கிராமத்துக்கு எஃகுத் திட்டு கிடைப்பது கடினம். கிடைக்கக்கூடியது வேறொன்று. துறைமுகங்களிலும் முகத்துவாரங்களிலும் எப்படியும் தூர்வாருகிறார்கள். ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து அள்ளிய மணல் எங்கே போகிறது? அதை வடக்குக் கரையில்தான் கொட்ட வேண்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், மருந்துக்குப் பாதி விலைதான். தூர்வாரும் இடம் உங்கள் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் இருந்தால், மற்ற எதையும்விட இதையே முதலில் கேளுங்கள்.

## மணல் மேடும் செடியும்

தாழங்குடா என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே தாழம்புதர் கண்ணில் வருகிறது. அடம்பங்கொடி, இராவணன் மீசை, தாழை: இவை பிடித்து வைத்த மணல் மேடுதான் கரையின் உண்டியல். மழைக்காலத்தில் கடல் அதை உடைத்து எடுக்கும், கோடையில் போட்டு வைக்கும். மேட்டை மட்டப்படுத்திக் கார் நிறுத்துமிடம் போட்ட ஊர்களில் உண்டியலே இல்லை.

சதுப்புக் காடு கேட்டுத் தீர்மானம் போடும் ஊர்களுக்கு ஒரு சொல்: அலையாத்தி, பெயருக்கு அலையை ஆற்றுவது என்று பொருள் இருந்தாலும், அலை ஓய்ந்த இடத்தில்தான் வளரும். பிச்சாவரம் போன்ற கழிமுகத்தில் அது காவல். திறந்த கடல் அடிக்கும் கரையில் கன்று நட்டால் படம் எடுத்த மறுநாள் போய்விடும். மணல் மேட்டுச் செடிக்குச் செலவு குறைவு, கெடுதல் இல்லை, வடக்கு ஊருக்கு நட்டம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வீட்டுச் சுவரை அலை தொடும் இடத்தில் செடி நட நேரமும் இல்லை, இடமும் இல்லை.

## குடிபெயர்வு

இதைப் பற்றிப் பேசினாலே கூட்டத்தில் குரல் உயரும். நியாயம்தான்.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு போட்ட அரசாணை எண் 172ஐ நம் கரையில் பலர் எண்ணோடு சொல்வார்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்களுக்கு இரண்டு வழி. தாண்டி உள்ளே போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு. போகாவிட்டால் பழைய இடத்தில் சொந்தச் செலவில் பழுது பார்க்கலாம், அரசு உதவி கிடையாது. காலி செய்த இடம் பொதுப் பயன்பாட்டுக்கான நிலமாகப் பதிவேட்டில் ஏறும். கட்டாயம் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் கூரை இல்லாதவனுக்கு முன் வைக்கும் இரண்டு வழியில் எது வழி, எது சுவர் என்று சொல்ல வேண்டுமா?

இருபது ஆண்டு கழித்துக் குடியிருப்புகளைப் பாருங்கள். எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் பாட்டி உள்ளே இருக்கிறார். மகன் கரையில் கொட்டகை போட்டு வலைக்கும் இஞ்சினுக்கும் காவல் கிடக்கிறான். ஒரே அறையும் கூடமும் உள்ள வீட்டில் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பாட்டி மீன் விற்பவர். "ஏலத்துக்கு விடியற்காலையில் ஓட வேண்டும். ஆட்டோவுக்குக் கொடுத்தது போகக் கூடைக்கு என்ன மிச்சம், தம்பி?" என்றார். குடிபெயர்வின் மறைமுகச் செலவு பற்றி நான் படித்த அறிக்கைகள் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

இலங்கையும் சுனாமிக்குப் பின் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீட்டர், வடக்கு, கிழக்கில் 200 மீட்டர் என்று கோடு கிழித்தது. மீனவர் வீடு கூடாது, சுற்றுலா விடுதி மட்டும் கூடுமா என்ற கேள்வி எழுந்தது; எதிர்ப்பு வலுத்து, கோட்டைத் தளர்த்தினார்கள். போரும் கடலும் சேர்ந்து விரட்டிய வடகிழக்குத் தமிழ் மீனவர்களுக்கு அந்த நூறு மீட்டர் வேறுபாடு எப்படிப்பட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்து ஒழுங்காக நடந்த இரண்டு எடுத்துக்காட்டுகள் தீவு நாடுகளில் உள்ளன. மாலத்தீவின் கந்தொல்ஹுதூ, இடநெருக்கடியில் திணறிய சிறு தீவு. சுனாமி அதை வாழ முடியாததாக்கியது. மக்கள் பக்கத்துத் தீவுகளில் நான்கு ஆண்டுகள் தற்காலிகமாக இருந்தார்கள். 2008 இறுதியில், அதுவரை ஆளில்லாதிருந்த துவாஃபாரு தீவில் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய வீடுகளில் முழு ஊராகக் குடியேறினார்கள். வீடு மட்டுமல்ல, பள்ளி, படகுத்துறை எல்லாம் சேர்ந்தே வந்தன. இரண்டாவது, ஃபிஜியின் வுனிடோகொலோவா என்ற கடலோரக் கிராமம். 2014இல் சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே மேட்டுக்குப் போனது. போன இடம் அவர்களுடைய குலத்துக்கே சொந்தமான நிலம். யாரிடமும் பட்டாவுக்குக் கையேந்தவில்லை. இவ்வளவு நன்றாகத் திட்டமிட்டும் புது வீடுகளில் சமையலறை இல்லை. திட்டம் போட்டவர்களில் சமைப்பவர் யாரும் இல்லை போலும்.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி இன்னொரு பாடம். 2014இல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தையே வாங்கியது. 2016இல் ஆட்சி மாறியது. புதிய அரசு, மக்களை வெளியே அனுப்புவதைவிட இங்கேயே வாழ வழி தேடுவோம் என்றது. நிலம் வாங்க ஒரு கையெழுத்து போதும், குடிபோக ஒவ்வொரு வீடும் சம்மதிக்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே கிள்ளைக்கு எதிரே எம்ஜிஆர் திட்டு இருக்கிறது. நான்கு புறமும் தண்ணீர் சூழ்ந்த அந்த ஊரைச் சுனாமி அழித்த பிறகு மக்கள் அங்கே திரும்பிப் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கல்லும் பேச்சும் வீண். மற்ற இடங்களில் குடிபெயர்வு என்றால் நான்கு நிபந்தனைகள் இல்லாமல் கை தூக்காதீர்கள்: ஊர் முழுதாகப் போக வேண்டும், பெண்கள் பெயரையும் சேர்த்துப் பட்டா, கரையில் படகு, வலை, மீன் காயவைக்கும் இடம் ஊரின் பொது உரிமையாகவே நீடிக்கும் என்று எழுத்து, பழைய இடத்தில் பின்னாளில் விடுதி வராது என்று அதே எழுத்தில் இன்னொரு வரி.

## ஒரே பார்வையில்

| வழி | நட்டம் யாருக்கு | ஐந்தாம் ஆண்டில் | படகு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| நேர்கல் சுவர் | சொந்தக் கடற்கரை, வடக்கு ஊர் | கல் சரியும், மறுபடி லாரி | ஏற்ற இடமில்லை | நகர்த்த முடியாத கட்டடம், சாலை |
| தூண்டில் வளைவு | வடக்கு ஊர் | பராமரிப்பு நடுத்தரம், வழக்கு உண்டு | மிக வசதி | வடக்கே குடியிருப்பு இல்லாத இடம், முகத்துவாரம் |
| மணல் நிரப்புதல் | தவறான இடத்தில் அள்ளினால் அந்த இடம் | மறுபடி கொட்ட வேண்டும் | வசதி | தூர்வாரும் இடத்துக்கு வடக்கே |
| மணல் மேடு, செடி | யாருக்கும் இல்லை | ஆடு மேயாமல் காவல் | வசதி | இன்னும் அகலமான கரை |
| குடிபெயர்வு | கூடைக்காரப் பெண்கள், இளைய தலைமுறை | குடும்பம் பெருகும், இடம் பற்றாது | தொலைவு | வேறு எதுவும் நிற்காத இடம் |

## அந்த வாசகருக்கு எழுதியது

நான் திருப்பிக் கேட்ட கேள்விகளுக்கு அவர் நேர்மையாகப் பதில் எழுதினார். பங்குனியில் கரை பாதி அளவுக்குத் திரும்பி வருகிறது. ஆண்டுக்காண்டு திரும்புவது குறைகிறது. தெற்கே முகத்துவாரத்தில் தூர்வாருகிறார்கள். வடக்கே அரை மணி நடந்தால் அடுத்த ஊர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு.

இந்த நிலையில் தூண்டில் வளைவு கேட்பது சம்பந்தியின் வாசலைத் தோண்டுவதற்குச் சமம். தீர்மானத்தில் முதல் கோரிக்கையாகத் தூர்வாரும் மணலை வடக்குக் கரையில் கொட்டுவதையும், இரண்டாவதாக மிச்சமிருக்கும் மணல் மேட்டை அளந்து வேலி போடுவதையும் எழுதச் சொன்னேன். இளைஞர்களின் படகுக் கவலைக்குத் தனியாக ஒரு மீன் இறங்குதளம் கேட்கலாம். அரிப்புத் தடுப்பு என்ற பெயரில் அதை நுழைக்க வேண்டாம். கருங்கல், கடலோரம் நிற்கும் மூன்று வீடுகளுக்கு முன்னால் மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு என்று காலம் குறித்து. அப்புறம் வடக்கு ஊரின் கிராம சபையிலும் இதே வாசகத்தை இதே நாளில் நிறைவேற்றச் செய்யுங்கள் என்றேன். இரண்டு ஊர் ஒரே தாளில் கேட்டால், ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க அதிகாரிக்கு வழியில்லை.

புதுச்சேரி வாசகர்களுக்கு இந்த வழி அப்படியே உதவாது. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து இல்லாத ஊரில் தீர்மானத்தை யார் கையெழுத்தில் அனுப்புவது? மாலத்தீவு 2010இல் சட்டம் இயற்றி, 2011இல் ஒவ்வொரு தீவுக்கும் மன்றம் தேர்ந்தெடுத்தது. 2019இல் திருத்தி, மன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. சில நூறு பேர் உள்ள தீவுக்குக்கூட மன்றம் இருக்கிறது. பிள்ளைச்சாவடிக்கு இல்லை. தேர்தல் வரும்வரை மீனவர்களின் மரபான ஊர்ப் பஞ்சாயத்தின் கடிதம், சட்டமன்ற உறுப்பினரின் மேலொப்பத்தோடு, கோட்டக்குப்பம் பக்கத்து ஊர்களின் தீர்மான நகலையும் இணைத்துப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு எடுக்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு அமாவாசையும், ஒரே நேரத்தில், அசையாத ஒரு இடத்திலிருந்து அலை நுரை தொடும் இடம் வரை கயிறு பிடித்து, ஒரு நோட்டில். ஆளுக்கொரு நினைவை வைத்துக்கொண்டு பொறியாளரோடு வாதாட முடியாது.

தீபாவளி அமாவாசையன்று எடுத்த அளவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயர் அடித்திருந்தது. முதல் பக்கத்தில்: மாரியம்மன் கோயில் மதிலிலிருந்து எண்பத்தாறு அடி, காலை ஏழு மணி, வாடை. கீழே நான்கு பேர் கையெழுத்து; அதில் இரண்டு, வடக்கு ஊர்க்காரர்களுடையது.